ஜடேஜா எதிரணியில் இறங்கும்போது சென்னை ரசிகன் யாருக்குக் கைதட்டுவது?

எட்டாம் நம்பர் சட்டை (கேள்வி)

2012 ஐபிஎல் ஏலத்துல சென்னை சூப்பர் கிங்ஸ் 20 லட்சம் டாலருக்கு எடுத்ததுல இருந்து ஜடேஜான்னா மஞ்சள், மஞ்சள்னா ஜடேஜான்னு பழகிப்போச்சு. நடுவுல அணிக்கே தடை வந்த அந்த ரெண்டு வருஷம் மட்டும்தான் விதிவிலக்கு. இப்போ சஞ்சு சாம்சன் இங்க, ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தான்ல. அணியை விடவும் முடியல, அவர் அவுட் ஆகணும்னு வேண்டவும் மனசு வரல. பொதுவா ஆறுதல் சொல்ல வேண்டாம், விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஒண்ணு, இந்த டிரேட், அதாவது அணிகள் வீரர்களை மாத்திக்கிறது, எப்படி நடக்குது? வீரரோட சம்மதம் இல்லாம அனுப்ப முடியுமா? ஒரு பக்கம் "நிர்வாகம் துரத்திடுச்சு"ன்னும் இன்னொரு பக்கம் "அவரே ஓடிட்டாரு"ன்னும் எழுதுறாங்க.

ரெண்டு, சென்னைக்கு எதிரா அவர் பந்து போட வரும்போது எதைப் பார்க்கணும்? ஸ்கோரை மட்டும் பார்த்தா வயிறு எரியுது.

மூணு, மைதானத்துல இருந்தா எப்படி நடந்துக்கிறது?

---

ஏலக் கணக்கு

உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அங்கேதான் தவறான தகவல் அதிகம் உலவுகிறது.

வீரரின் சம்மதம் இல்லாமல் டிரேட் கிடையாது. இரண்டு அணிகளும் ஒத்துப்போக வேண்டும், வீரரும் ஒப்புக்கொள்ள வேண்டும், அதன் பிறகு ஐபிஎல் நிர்வாகம் அனுமதிக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் வேலை நடக்காது. ஆகவே "துரத்திவிட்டார்கள்" என்பது முழு உண்மை இல்லை. ஆனால் ஒரு வீரர் தானாகவே இன்னொரு அணியோடு பேரம் பேசவும் முடியாது. இதை ஜடேஜாவைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை. ராஜஸ்தானில் இருந்தபடியே மும்பையோடு பேசினார் என்று 2010 சீசன் முழுக்க அவருக்குத் தடை விதித்தார்கள். அப்போது அவருக்கு 21 வயது. அதனால் "ஓடிவிட்டார்" என்பதும் பொருந்தாது. பேச்சு அணிகளுக்குள்தான் நடக்கும். கடைசியில் சரி என்றோ இல்லை என்றோ சொல்வது வீரர்.

காலக்கெடு இப்படி: சீசன் முடிந்து ஒரு வாரம் கழித்து டிரேட் வாசல் திறக்கும், ஏலத்துக்கு ஒரு வாரம் முன்பு மூடும். ஏலம் முடிந்தபின் மறுபடி திறந்து, அடுத்த சீசனுக்கு ஒரு மாதம் முன்பு வரை இருக்கும். அந்த ஏலத்தில் வாங்கிய வீரரை மட்டும் உடனே மாற்றித் தர முடியாது. நம் டிரேட் வெளியானது 2025 நவம்பர் 15. தக்கவைப்புப் பட்டியல் தர வேண்டிய கடைசி நாளும் அதுதான். கடைசி நிமிடம் வரை இழுத்ததற்கு ஒரு காரணம் வெளிநாட்டு இடம். ஓர் அணியில் அதிகபட்சம் 25 பேர், அதில் வெளிநாட்டவர் 8. அந்த எட்டும் நிரம்பியிருக்கும் அணி கரனை எடுக்க வேண்டுமென்றால் முதலில் ஒருவரை விடுவிக்க வேண்டும்.

இனி பணம். இதைக் கூட்டிக் கழித்துப் பார்த்தவர்கள் குறைவு என்பதால் நிதானமாகச் சொல்கிறேன். சாம்சன் 18 கோடி, அதே தொகையில் வந்தார். கரன் 2.4 கோடி, அதே தொகையில் போனார். ஜடேஜா இங்கே 18 கோடி, அங்கே 14 கோடி. சென்னையின் கணக்கில் 20.4 கோடி விலகி 18 கோடி ஏறியது, மிச்சம் 2.4. ராஜஸ்தான் கணக்கில் 18 கோடி விலகி 16.4 கோடி ஏறியது, மிச்சம் 1.6. இரண்டையும் கூட்டுங்கள், 4 கோடி வரும். ஜடேஜா தன் சம்பளத்தில் விட்டுக்கொடுத்த அதே 4 கோடி. ஏலத்துக்குப் போகும்போது இரண்டு அணிகளின் கையிருப்பும் கூடியிருந்ததென்றால், அந்தக் காசு அவருடையது. அவரைக் காசுக்காகப் போனவர் என்று எழுதுகிறவர்கள் இதை ஒரு தாளில் போட்டுப் பார்க்கட்டும்.

நிர்வாகத்தின் பக்கமும் சொல்ல வேண்டும். 2025-ல் சென்னை முதன்முறையாகப் பத்தாம் இடத்தில் முடித்தது. தோனிக்கு அப்போதே 44 வயது நெருங்கிவிட்டது. அவருக்கு அடுத்து விக்கெட் கீப்பர் கையுறை அணிந்து, மேல் வரிசையிலும் ஆடக்கூடிய இந்தியர்கள் மிகச் சிலர். அப்படி ஒருவரை விடுவிக்கும் அணி பதிலுக்கு அதே எடையுள்ள ஒருவரைத்தான் கேட்கும். என் கணிப்பில் முடிவு சரி. வலிக்கிறது என்பதும் சரி.

---

பட்டாபிராமன் கேட்

"தடைக்காலம் விதிவிலக்கு"ன்னு ஒரே வரியில தாண்டிட்டீங்க ப்ரோ. உங்க கேள்விக்குப் பதிலே அங்கதான் இருக்கு.

2016, 2017-ல சென்னையும் ராஜஸ்தானும் ரெண்டுமே தடையில. தோனி, அஸ்வின் புனேவுக்கு. ரெய்னா, ஜடேஜா, மெக்கல்லம், பிராவோ குஜராத் லயன்ஸுக்கு. 2016 ஏப்ரல் 14, ராஜ்கோட்ல ரெண்டு அணியும் மோதினப்போ ஒரு பக்கம் கேப்டன் தோனி, மறுபக்கம் கேப்டன் ரெய்னா. குஜராத் 7 விக்கெட்ல ஜெயிச்சது. அன்னைக்கு சென்னை ரசிகனுக்கு அணின்னு ஒண்ணே கிடையாது, வீரர்கள் மட்டும்தான். மறுவருஷம் புனே இறுதியாட்டத்துல மும்பைகிட்ட ஒரே ஒரு ரன்ல தோத்தப்பவும் நம்ம ஊர்ல வருத்தப்பட்டாங்களே, அது புனேவுக்காக இல்லையே. 2018-ல அணி திரும்பி வந்ததும் ரெண்டு பாசமும் ஒண்ணாச் சேர்ந்துச்சு. காவிரிப் போராட்டத்தால உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்கு மாறினப்போ சென்னை சென்ட்ரல்ல இருந்து தனி ரயில்ல ரசிகர்கள் போனாங்க. ஆக அணி வேற, ஆள் வேறன்னு பிரிச்சு வச்சுக்க நமக்கு ஏற்கெனவே பழக்கம் இருக்கு.

இப்போ மைதானம். சேப்பாக்கத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்த நாள் 1999 ஜனவரி 31. பாகிஸ்தான் வச்ச இலக்கு 271. 82-க்கு 5 போனதுக்கு அப்புறம் சச்சினும் மோங்கியாவும் 136 சேர்த்தாங்க. முதுகு வலியோட சச்சின் 136. அவர் சக்லைன் பந்துல அவுட் ஆனப்போ தேவை 17 ரன், கையில 3 விக்கெட். 258-ல மொத்தமும் முடிஞ்சு 12 ரன்ல தோல்வி. அந்தக் கூட்டம் எழுந்து நின்னு கைதட்டி பாகிஸ்தான் வீரர்களை மைதானம் சுத்த வச்சது. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி சயீத் அன்வர் இதே மைதானத்துல 194 அடிச்சப்பவும் கைதட்டினதுதான். எதிரணின்னா இப்படி நடந்துக்கிற கூட்டம், பன்னெண்டு சீசன் நமக்காக ஆடினவரை எப்படி வரவேற்கணும்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

ஆனா ஒரு குத்தத்தையும் ஒத்துக்கணும். அடுத்து தோனி வரணும்னு ஜடேஜா அவுட் ஆகுறதுக்குக் கூச்சல் போட்டது இதே கூட்டம்தான். 2024-ல கொல்கத்தாவுக்கு எதிரா அவர் பேட்டோட இறங்குற மாதிரி வந்து சட்டுனு திரும்பிப் போக, பின்னாடியே தோனி வந்தாரு. எல்லாரும் ரசிச்சோம். அந்த ரசனை அவுட்டைக் கொண்டாடுற அளவுக்குப் போயிருக்கக் கூடாது. களத்துல இருக்குறவர் காதுல அது விழும்.

அதே வருஷம் மும்பையில நடந்ததையும் பாருங்க. குஜராத்ல இருந்து ஹர்திக் பாண்டியா திரும்பி வந்து ரோஹித் இடத்துல கேப்டன் ஆனாரு. அகமதாபாத்லயும் அவருக்கு எதிரா கத்தினாங்க, சொந்த மைதானம் வான்கடேயிலயும் கத்தினாங்க. அணி கடைசி இடத்துல முடிஞ்சது. ஜூன் 29-ல டி20 உலகக் கோப்பை இறுதியாட்டத்துல கடைசி ஓவரைப் போட்டு முடிச்சவர் அதே ஹர்திக். ஜூலை 4, அதே வான்கடேயில அதே பேரைச் சொல்லிக் கொண்டாடினாங்க. அத்தனை நாள் கத்தினதுல யாருக்கு என்ன கிடைச்சது?

கைதட்ட நேரம் கேட்டீங்கன்னா, டாஸ் 7 மணிக்கு. அதுக்கு முன்னாடி எல்லைக்கோட்டு ஓரமா பயிற்சி பண்ணுவாங்க. பேர் சொல்லிக் கூப்பிட அதுதான் நேரம், பாட்டுச் சத்தம் கம்மி. அடுத்தது அவர் முதல் ஓவருக்குப் பந்தை வாங்கும்போது. அப்புறம் பேட்டோட இறங்கும்போது. அவர் சென்னை விக்கெட்டை எடுத்தா ஒரு தட்டு போதும், அதுல தப்பே இல்ல. ஜடேஜாவோட எட்டாம் நம்பர் மஞ்சள் சட்டையையே போட்டுட்டுப் போங்க. எழுதின அட்டையைச் சுருட்டிக் கொண்டு போங்க. கம்போ பைப்போ கோத்த கொடியைக் கேட்லயே வாங்கி வச்சுடுவாங்க.

---

ஷார்ட் மிட்விக்கெட்

இரண்டாவது கேள்வி எனக்குப் பிடித்த கேள்வி. ஸ்கோரை மறந்து ஜடேஜாவைப் பார்ப்பது எப்படி என்று ஓவர் ஓவராகச் சொல்கிறேன்.

அவர் பந்தைப் பெரிதாகச் சுழற்றுபவர் அல்ல. தட்டையாக, வேகமாக, ஸ்டம்பை நோக்கியே வீசுவார். ஒரே மாதிரி கை சுழலும். ஒன்று திரும்பும், அடுத்தது திரும்பாமல் நேராக வரும். எது திரும்பும் என்பது பல சமயம் அவருக்கே தெரியாது, ஆடுகளம் முடிவு செய்யும். அதனால்தான் வறண்ட ஆடுகளத்தில் அவர் ஆபத்தானவர். டிவியில் பந்தைப் பார்க்காதீர்கள், வலது காலைப் பாருங்கள். கிரீஸில் அது எங்கே இறங்குகிறது என்பதுதான் அவருடைய மாற்றம். ஸ்டம்பை ஒட்டி இறங்கினால் எல்பிடபிள்யூ தேடுகிறார். அகலமாக இறங்கினால் கோணத்தில் உள்ளே கொண்டுவந்து, பேட்ஸ்மேனை மிட்விக்கெட் பக்கம் அடிக்கத் தூண்டுகிறார்.

எப்போது வருவார்? பவர்பிளே முடிந்ததும், ஏழாவது ஓவரிலிருந்து. களத்தில் இரண்டு வலக்கையர்கள் இருந்தால் தொடர்ந்து மூன்று ஓவர்கூடக் கிடைக்கும். ருதுராஜ் ஆடிக்கொண்டிருந்தால் கண்ணை எடுக்காதீர்கள். லெக் பக்கம் ஒதுங்கி, கவருக்கு மேலே உள்ளிருந்து வெளியே தூக்குவது அவருடைய வழக்கமான ஷாட். ஜடேஜா அவருடன் வலைப்பயிற்சியில் ஆண்டுக்கணக்கில் இருந்தவர், ஒதுங்குவதற்கு முன்பே கண்டுபிடித்துக் காலை நோக்கி வேகமாக வீசுவார். அந்த இரண்டு மூன்று பந்துகளுக்காகவே டிக்கெட் வாங்கலாம்.

சிவம் துபே இறங்கியதும் காட்சி மாறும். இடக்கையருக்கு ஜடேஜாவின் பந்து உள்ளே திரும்பும். துபேயின் நீண்ட கைக்கு அது நேராகத் தூக்க வாகானது. எதிரணி கேப்டன் ஜடேஜாவை உடனே நிறுத்திவிடுவார். நம் அணி துபேயை முன்னால் அனுப்பினால் காரணம் இதுதான். ஜடேஜா 2 ஓவரோடு நிறுத்தப்பட்டால் "மோசமாகப் போட்டார்" என்று எழுதாதீர்கள், களத்தில் இடக்கையர் இருந்தாரா என்று பாருங்கள். நம்மிடம் இருந்தபோதும் பல ஆட்டங்களில் நான்கு ஓவர் முடிக்காமல் போனது இதனால்தான்.

பனி விழுந்தால் இதெல்லாம் கெடும். ஈரப் பந்து விரலில் வழுக்கும், தட்டையாக வீசும் பந்து சறுக்கிக்கொண்டு பேட்டுக்கு நேராக வரும். இரவு ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் அவர் பந்து வீச வேண்டியிருந்தால் கணக்கு நம் பக்கம். 2025 முதல், 10 ஓவர் முடிந்தபின் பந்துவீசும் கேப்டன் ஒருமுறை பந்தை மாற்றக் கேட்கலாம். ஆகவே அவரைப் பத்தாவது ஓவருக்குப் பிறகு ஒளித்துவைத்திருக்கிறார்களா என்றும் கவனியுங்கள்.

கணக்கில் ஏறாத ஒன்று: அவர் ஓவரை முடிக்கும் வேகம். திரும்பி நடப்பதே சில அடிதான். 20 ஓவரையும் குறித்த நேரத்தில் முடிக்காவிட்டால், மீதி ஓவர்களுக்கு வட்டத்துக்கு வெளியே ஐந்து பேருக்குப் பதில் நான்கு பேர்தான் நிற்க முடியும். வேகப்பந்து வீச்சாளர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தை ஈடுகட்டுவது இவர் மாதிரி ஆட்கள். சென்னையில் யாரும் இதற்கு நன்றி சொன்னதில்லை, நான் இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

அவர் பேட் செய்யும்போது நூர் அகமதைப் பாருங்கள். நூர் இடக்கை மணிக்கட்டுச் சுழல். வழக்கமான பந்து இடக்கையரைவிட்டு வெளியே போகும், கூக்ளி உள்ளே வரும். வெளியே திரும்பும் பந்துக்கு ஜடேஜா நடு ஓவர்களில் தடுமாறுவது பழைய கதை. தொடக்கத்தில் பத்துப் பந்து ஒற்றை ரன்னாகவே எடுப்பார். அங்கே அவரை வீழ்த்தாவிட்டால் கடைசி ஓவர்களில் வேகப்பந்துக்கு மாட்டிக்கொள்வோம். 2021 ஏப்ரல் 25 நினைவிருக்கும். வான்கடேயில் ஹர்ஷல் படேலின் கடைசி ஓவரில் 37 ரன், மொத்தம் 28 பந்தில் 62, பிறகு 3 விக்கெட், ஒரு ரன் அவுட். ஒரே ஆள் ஓர் ஆட்டத்தை எல்லாப் பக்கமும் இழுத்த நாள் அது.

2023 இறுதியாட்டத்தைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. கடைசி 2 பந்தில் தேவை 10 ரன், வீசுபவர் மோகித் சர்மா, ஒரு சிக்ஸர், பைன் லெக்கில் ஒரு பவுண்டரி. ஐந்தாவது கோப்பையில் பாதி அவர் கைரேகை. அதை எந்த டிரேடும் கொண்டுபோக முடியாது.

---

நாடித் துடிப்பு

வயிறு எரியுது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு மட்டும் சுருக்கமாக.

ரசிகர் ஈடுபாட்டை அளக்க உளவியலில் 7 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோல் உண்டு, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8 வரை மதிப்பெண். அதில் உயர்ந்த மதிப்பெண் வாங்குபவர்கள் தோற்றாலும் அணியைவிட்டு விலக மாட்டார்கள். குறைந்தவர்கள் ஜெயித்தால் "நாங்க ஜெயிச்சோம்" என்பார்கள், தோற்றால் "அவங்க தோத்துட்டாங்க" என்பார்கள். உங்கள் சிக்கல் முதல் வகைக்கு மட்டுமே வரும்.

இது வெறும் மனச் சமாசாரமும் இல்லை. 2006 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது மியூனிக் பகுதியில் எடுத்த கணக்கில், ஜெர்மனி ஆடிய நாட்களில் இதய அவசர சிகிச்சைகள் வழக்கத்தைவிட 2.66 மடங்கு, ஆண்களில் 3.26 மடங்கு. ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான் அதிகம். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல்.

வீட்டில் வயதானவர்களோ ரத்த அழுத்தம் உள்ளவர்களோ இருந்தால் ஆட்ட நாளில் மாத்திரை நேரம் தவறக் கூடாது. 7.30 ஆட்டத்தில் மறப்பது இரவு மாத்திரைதான், டாஸுக்கு முன்பே எடுத்து மேஜையில் வையுங்கள். மார்பில் இறுக்கம், இடது கை அல்லது தாடை வலி, வியர்வை வந்தால் ஓவர் முடியட்டும் என்று காத்திருக்காமல் 108-க்கு அழையுங்கள். மற்றவர்களுக்கு: ஆட்டம் முடிவது இரவு 11.15, 11.30 ஆகும். தோல்விக்குப் பிறகு தூக்கத்தைக் கெடுப்பது ஆட்டத்தைவிட அதற்குப் பின் பார்க்கும் மீம்களும் வசைகளும்தான். கடைசிப் பந்தோடு போனை அடுத்த அறையில் வையுங்கள். 6 மணிக்கு மேல் காபி வேண்டாம்.

---

எட்டாம் நம்பர் சட்டை

ஏலக் கணக்கு அண்ணே, அந்த 4 கோடிக் கணக்கைப் பார்த்ததும் மனசு கொஞ்சம் அடங்குச்சு. பட்டாபிராமன் கேட் சொன்ன குத்தத்தையும் ஒத்துக்கிறேன். ஒண்ணே ஒண்ணு மிச்சம். சஞ்சு அவுட் ஆகும்போது "இதுக்கா ஜடேஜாவைக் கொடுத்தோம்"னு வாயில வருதே, அதை என்ன பண்றது?

---

குமரி எல்லை

ராஜஸ்தான் ரசிகனா இதுக்கு நான் பதில் சொல்றேன். சஞ்சு அங்க 2013-ல வந்தவர். டெல்லியில இருந்த தடைக்கால ரெண்டு வருஷம் போக மிச்சமெல்லாம் ராஜஸ்தான்தான், 2021-ல இருந்து கேப்டன். நீங்க எட்டாம் நம்பரைப் பார்த்து என்ன நினைக்கிறீங்களோ அதையேதான் நாங்க சஞ்சுவைப் பார்த்து நினைக்கிறோம். கேரளத்துல எத்தனையோ பேர் அவருக்காகவே ராஜஸ்தானைப் பார்த்தவங்க, இப்போ மஞ்சளைப் பார்க்கப் போறாங்க. அவங்களுக்கு இடம் விடுங்க.

அவரோட ஆட்டம் எப்படின்னு தெரிஞ்சுக்கிட்டா கோபம் குறையும். அவர் முதல் பந்துல இருந்தே அடிக்கிறவர், நிதானிச்சு நின்னு தப்பிக்கிற ஆள் இல்ல. 2024 அக்டோபர்ல ஹைதராபாத்ல வங்கதேசத்துக்கு எதிரா 47 பந்துல 111. அடுத்த மாசம் தென்னாப்பிரிக்காவுல ரெண்டு சதம், அதுக்கு நடுவுலயே ரெண்டு டக், அதாவது ரன்னே இல்லாம அவுட். அதுதான் சஞ்சு. 2025 ஜனவரி, பிப்ரவரியில இங்கிலாந்து ஆட்கள் வேகமா, குட்டையாப் போட்டு, புல் ஷாட்டுக்கு ஆள் நிறுத்தி 5 ஆட்டத்துலயும் சீக்கிரமே எடுத்தாங்க. அதனால வேகமான பவுன்ஸ் இருக்கிற மைதானத்துல முதல் பத்துப் பந்து பதற்றமாத்தான் இருக்கும். ஆனா சுழலுக்கு எதிரா, குறிப்பா நேரா தூக்குறதுல, அவர் மாதிரி சுலபமா அடிக்கிறவங்க நம்ம நாட்டுலயே குறைவு. சேப்பாக்கத்துல அது உதவும்.

ஒரு ஆட்டத்தை வச்சு ஜடேஜாவோட ஒப்பிடாதீங்க. கீப்பர் பேட்ஸ்மேனையும் சுழல் ஆல்ரவுண்டரையும் ஒரே தராசுல நிறுத்த முடியாது. பதினாலு லீக் ஆட்டம் முடிஞ்சதும் பவர்பிளேல சென்னை எத்தனை ரன் எடுத்திருக்குன்னு 2025-ஓட சேர்த்து வச்சுப் பாருங்க, அதுதான் சஞ்சுவை எடுத்ததுக்கான கணக்கு. 7-லிருந்து 15-வது ஓவர் வரைக்கும் எதிரணிக்கு எவ்வளவு கொடுத்தீங்கன்னும் பாருங்க, அது ஜடேஜாவை விட்டதுக்கான கணக்கு. நானும் அந்தப் பக்கம் இதே ரெண்டையும் குறிச்சு வைக்கிறேன். சீசன் முடிஞ்சு இதே இழையில போடலாம்.